நூறு புலம் பார்த்த பிறகு

பெட்டி வந்தபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. காலை பத்து மணி இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையை அண்டிய அந்தச் சின்ன ஆய்வுகூடத்தின் வாசலில் இருபது, இருபத்தைந்து பேர் கையில் டொக்டரின் துண்டுகளோடு நின்றார்கள். படுவான்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு முதிய பெண், ஜாம் போத்தல் ஒன்றைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்தபடி, "மனே, இத எவடத்த வெக்கிற?" என்று கேட்டார். சிற்றூழியர் முகம் சுளிக்காமல் போத்தலை வாங்கி, பெயரைக் கேட்டு எழுதி ஒட்டினார். ஜாம் போத்தலில் மலம் வருவது இங்கே புதினமில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் சரி.

நான் மூலையில் ஒரு மரக் கதிரையில் இருந்தேன். இரத்தம், சலம், சளி என்று ஆளாளுக்கு வேலை நடக்கிற இடத்தில், வேலையில்லாதவன் செய்யக்கூடிய ஒரே உதவி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அதைச் செய்தேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் "மிஸ்" என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்பது பதவிப் பெயர். சக ஊழியர்களுக்கு எம்.எல்.டி.; வரிசையில் நிற்பவர்களுக்கு "ரத்தம் பாக்கிற மிஸ்". நுணுக்குக்காட்டியில் குனியும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார், நிமிர்ந்ததும் மேசையெல்லாம் அதைத் தேடுவார். பக்கத்தில் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆனால் சொல்வதில்லை.

பெட்டியைத் தம்பிதான் பிரித்தார். உள்ளே மூன்று சின்ன பிளாஸ்டிக் குப்பிகள், போமலினில் கிடக்கும் மலம். கெட்டியான உறை ஒன்றுக்குள் சாயமேற்றிய இரண்டு இரத்த ஸ்லைட்கள். கூடவே ஒரு தாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு இலக்கம், ஒரு வரி விபரம். முதல் ஸ்லைட்டுக்கு எதிரே எழுதியிருந்ததை அவர் சத்தமாக வாசித்தார்: வயது 35, ஆண், ஆபிரிக்காவில் வேலை செய்து திரும்பியவர், காய்ச்சலும் குளிர் நடுக்கமும்.

"பேரில்லையே மிஸ்."

"அவர் நோயாளியில்ல தம்பி. பரீட்சைப் பேப்பர்."

வெளித் தரக்கணிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். அனுப்புகிறவருக்கு விடை தெரியும், பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆய்வுகூடம் கண்டதை எழுதி அனுப்ப வேண்டும், சில வாரம் கழித்துப் புள்ளி வரும். நோயாளியின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆய்வுகூடம் சொல்கிறது. ஆய்வுகூடத்தின் கண் எப்படியிருக்கிறது என்று இந்தப் பெட்டி சொல்கிறது. இந்த வழக்கம் தொடங்கியது ஒட்டுண்ணியில் அல்ல. 1940களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க், சண்டர்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே மாதிரிகளைப் பல மருத்துவமனை ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, சீனி, யூரியா, ஹீமோகுளோபின் அளவுகளைக் கேட்டார்கள். வந்த விடைகளைப் பார்த்து மருத்துவ உலகம் வெட்கப்பட்டது. இன்று பிரிட்டனில் யுகே நெக்வாஸ், நியூயோர்க் மாநிலத்தில் வாட்ஸ்வேர்த் நிலையம் என்று ஒட்டுண்ணிக்கென்றே மாதிரி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. நமக்குக் கிட்ட, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறு பல சோதனைகளுக்கு இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. அமெரிக்கச் சட்டம் இதில் கண்டிப்பானது: ஆண்டுக்கு 3 தடவை, தடவைக்கு 5 மாதிரி, 80 புள்ளிக்குக் குறைந்தால் தேறவில்லை. பரீட்சை மாதிரியைத் தெரிந்தே இன்னொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் கேட்டால் உரிமமே பறிபோகலாம். பக்கத்துப் பிள்ளையின் பேப்பரைப் பார்க்கக்கூடாது என்பதற்கு அங்கே அவ்வளவு விலை.

மிஸ் முதலில் குப்பியை எடுத்தார். ஸ்லைட்டில் ஒரு பக்கம் உப்புக் கரைசல் ஒரு துளி, மறுபக்கம் அயடின் ஒரு துளி. தீக்குச்சி முனையளவு மாதிரியை இரண்டிலும் கலந்து, மூடிக் கண்ணாடியைச் சரித்து, குமிழி வராமல் இறக்கினார். பத்து மடங்கு வில்லையில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், வரம்பு தவறாமல் ஓட்டினார். மூலையிலிருந்து எனக்குத் தெரிந்தது அவருடைய வலது கை மட்டும்தான். ஸ்லைட்டை நகர்த்தும் திருகு ஓரிடத்தில் நிற்கும், சின்னத் திருகு முன்னும் பின்னும் மயிரிழை அளவுக்கு அசையும், மறுபடி ஓட்டம். அந்த நிற்பிலேயே ஏதோ அகப்பட்டது என்று விளங்கிவிடும்.

"பாருங்க தம்பி. சொல்லுங்க."

தம்பி குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். "சாட்டைப்புழு முட்டை மிஸ். ரெண்டு முனையிலயும் அடைப்பு இருக்கு."

"அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்தில என்ன?"

பக்கத்தில் இருந்தது ஒரு உருண்டை. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். இல்லையென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அயடின் பட்டு மஞ்சள் ஏறிய ஒரு வட்டம், மெல்லிய சுவர், உள்ளே சின்னச் சின்ன வளையங்கள். வளையம்தான் கரு. சின்னத் திருகை அசைத்தால் ஒன்று மறைந்து இன்னொன்று எழும்பும். ஒரே தளத்தில் எல்லாம் தெரியாது. தம்பி உதட்டுக்குள் எண்ணினார்: நாலு, அஞ்சு, ஆறு. நிறுத்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். ஏழு. எட்டென்றும் சொல்லலாம்.

நாலு என்றால் வயிற்றுளைச்சலும் ஈரல் கட்டியும் தரக்கூடிய அமீபாவாக இருக்கலாம். நாலைத் தாண்டினால் எண்டமீபா கோலை. குடலில் குடியிருப்பதோடு சரி, ஆளுக்குத் தீங்கில்லை, மருந்து வேண்டாம். ஒரு உருண்டைக்குள் இருக்கும் வளையங்களை எண்ணுவதில் ஒருவருக்கு மருந்து கொடுப்பதா இல்லையா என்பது தங்கியிருக்கிறது. கண்வில்லைக்குள் இருந்த சின்ன அளவுகோலால் விட்டத்தையும் அளந்துவிட்டுத்தான் மிஸ் பேனையை எடுத்தார்.

அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு முந்தைய தவணையின் புள்ளித் தாள். ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. எழுதிய விடை, எண்டமீபா ஹிஸ்டொலிட்டிக்கா. எதிர்பார்த்த விடை, எண்டமீபா கோலை. தோற்ற இடத்தை மறைக்காமல் கண்ணில் படும்படி ஒட்டிவைத்திருக்கும் ஆய்வுகூடத்தை நம்பலாம் என்பது என் கட்சி. சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டிய இடங்களில் எனக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை.

நாலு கரு இருந்தால் மட்டும் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அதே அளவு, அதே நாலு கரு, அச்சொட்டாக அதே உருவம், ஆனால் தீங்கில்லாத இன்னொரு அமீபா இருக்கிறது: எண்டமீபா டிஸ்பார். எமில் புரும்ப்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1925இலேயே இரண்டும் வேறு என்று சொன்னார். உருவத்தில் வித்தியாசம் காட்ட முடியாததால் பலர் ஏற்கவில்லை. 1993இல் மூலக்கூற்றுச் சான்றோடு பிரித்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் 1997இல் ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அமீபா ஈரல் கட்டி 1980களிலிருந்து பேசப்படும் நோய். கள்ளுக் குடிப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதால் அங்கே ஆய்வுகளும் நடந்தன. ஆகவே நம் பக்கத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மலத்தில் நாலு கருவைக் கண்டவுடன் "ஹிஸ்டொலிட்டிக்கா" என்று அடித்துச் சொல்வது வெறும் கண்ணால் முடியாத காரியம். "ஹிஸ்டொலிட்டிக்கா அல்லது டிஸ்பார்" என்று எழுதி நிறுத்துவதுதான் நேர்மையான விடை. கொளுக்கிப்புழு முட்டைக்கும் அப்படித்தான். நெக்காட்டர் இனமா, அன்சைலொஸ்ட்டோமா இனமா என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொன்னவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கெட்டிக்காரத்தனமாகக் கூடுதலாக எழுதிப் புள்ளி இழந்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் மேலே, வலையில் வந்ததெல்லாம் மீனில்லை. பூந்துகள் வட்டப்புழு முட்டையாகத் தோன்றும். கீரை நார் புழுக்குஞ்சாக நெளிந்து கிடக்கும். மதுவம் அமீபாவின் உறைநிலையாகத் தெரியும். சிவப்பணுவின் மேல் வந்து படுத்த ஒரு குருதிச் சிறுதட்டு, அவசரக் கண்ணுக்கு மலேரியா.

மலேரியா. அந்தச் சொல் வந்ததும் மிஸ் கதிரையை இழுத்துச் சரியாக உட்கார்ந்தார்.

இந்தக் கரைக்கு மலேரியா அந்நியமில்லை. இலங்கை முழுவதும் 1934-35 கொள்ளை நோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். டிடிடி தெளித்து அடக்கியதில் 1963இல் நாடு முழுவதற்கும் 17 பேர்தான் நோயாளிகள். ஒழிந்துவிட்டது என்று கை தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிறகு முப்பது வருடம் ஏறியும் இறங்கியும் போய், 1999இல் 264,549 ஆக இருந்த எண்ணிக்கை 2011இல் 175க்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பெரும்பகுதி போர். வடக்கும் கிழக்கும் இரண்டாகக் கிடந்த காலத்திலும் விரல் குத்தி ஸ்லைட் எடுக்கிற வேலை நிற்கவில்லை. ஒழிந்தது என்று அறிவிக்குமுன் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

நோய்தான் போனது, நுளம்பு போகவில்லை. மட்டக்களப்பு நகருக்குக் கிட்ட ஒரு உவர் நீர்நிலையில் ஆறு மாதமாக நுளம்புப் புழு அள்ளிப் பார்த்து, 2010இல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். 935 அனோபிலிஸ் புழுக்கள். வளர்த்தெடுத்து இனம் பார்த்தவற்றில் 661, நாட்டின் முதன்மை மலேரியா நுளம்பான கியூலிசிபேசிஸ். நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும் என்று பாடப் புத்தகம் சொல்லிவந்தது. இங்கே ஆயிரத்துக்கு 4 பங்கு உப்பு வரை தாங்கி வளர்ந்திருந்தது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது சின்னச் செய்தி இல்லை. வாவியின் பாடும் மீனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நுளம்பையும் ஒருமுறை எழுதலாம்.

ஆக, நுளம்பு இருக்கிறது, ஒட்டுண்ணி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது ஒருவர் இரத்தத்தில் கொண்டு வந்தால், அவரைக் கண்டுபிடிக்கிற கண் இருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு இப்போது பழக்கம் விட்டுப்போகிறது. 1999இல் வேலைக்கு வந்த ஒருவர் மலேரியாவை அலுத்துப்போகிற அளவுக்குப் பார்த்திருப்பார். தம்பி வயதுக்காரர்கள் அசல் நோயாளியின் ஸ்லைட்டில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெறக்கூடும். நாட்டுக்கு அது பெரும் பேறு, நுணுக்குக்காட்டிக்காரருக்கு அதுதான் வில்லங்கம்.

ஸ்லைட்டில் எண்ணெய் ஒரு சொட்டு. நூறு மடங்கு வில்லை இறங்கி எண்ணெயைத் தொட்டது. மெல்லிய படலத்தில் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று முட்டாமல் பரந்து கிடந்தன. சில அணுக்கள் மட்டும் பக்கத்தில் இருந்தவற்றைவிடப் பெருத்திருந்தன. அவற்றுக்குள் நீலத்தில் ஒழுங்கில்லாத ஒரு சிதறல், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, அணு முழுக்க இளஞ்சிவப்புத் தூவல். சாயம் கலக்கிற தண்ணீரின் பி.எச். 7.2 அளவில் இல்லாவிட்டால் இந்தத் தூவல் எழும்பாது. உவர் ஊறும் கிணறுகள் உள்ள கரையில் எந்தத் தண்ணீரை எடுத்தோம் என்பதுகூட நோயின் பெயரை மாற்றிவிடும். அதனால்தான் அந்த மேசையில் காய்ச்சி வடித்த நீர்ப் போத்தலுக்குத் தனியிடம்.

"பெல்சிபாரம் இல்ல," என்றார் தம்பி. "வைவக்ஸ். இல்லாட்டி ஓவேல்."

"இல்லாட்டி எண்டு எழுத ஏலாது. முட்டை வடிவமா, ஓரம் பிய்ஞ்ச மாதிரி அணு எத்தினை இருக்கு எண்டு எண்ணுங்க. மறுகா சொல்லுங்க."

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மூன்று மலேரியா இனங்களில் பெல்சிபாரம் சில நாளில் ஆளைக் கொல்லும். வைவக்ஸும் ஓவேலும் ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். ஒளிந்ததைக் கொல்ல வேறு மருந்து, அதுவும் நாள் கணக்கில். கண் தனக்குத் தெரிந்த பெயரைத்தான் சூட்டும் என்பதற்கு மலேசியாவின் சரவாக் நல்ல சாட்சி. அங்கே கப்பிட் பகுதியில் வருடக்கணக்காக நோயாளிகளின் இரத்தத்தில் கண்டதை "மலேரியே" என்று எழுதிவந்தார்கள். சாதுவான இனம். பல்பிர் சிங்கும் ஜனெட் கொக்ஸ்-சிங்கும் சகாக்களும் மரபணுச் சோதனை செய்து 2004இல் வெளியிட்டபோது, 208 பேரில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியாவான நோலெசி. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் இனம், ஆளையும் கொல்லும். பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஸ்லைட்டில் இரண்டுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்று, அந்தப் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் மலேரியா பார்ப்பவர்களுக்கே தனிப் பரீட்சை வைக்கிறது. ஸ்லைட் ஒன்றுக்கு 10 நிமிடம். இனத்தை 90 வீதம் சரியாகச் சொன்னால்தான் முதல் தரம். கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் மலேரியா தடை இயக்கம் மாவட்டங்களில் பார்த்த ஸ்லைட்களைத் திரும்பப் பார்க்கிறது. இல்லை என்று எழுதியவற்றிலும் ஒரு பங்கை எடுத்துச் சரிபார்க்கிறது. இந்த இரண்டாவதுதான் என் கண்ணில் உயர்ந்த பரீட்சை, ஏனென்றால் எழுதுகிறபோது அது பரீட்சை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பெட்டியில் வந்த அந்த ஸ்லைட்டுக்கு மிஸ் அரை மணி நேரம் செலவழித்தார். தம்பியும் பார்த்தார், இருவரும் பேசினார்கள், படப் புத்தகம் விரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஓடிய நோயாளிகளின் ஸ்லைட்களுக்கு அந்த அரை மணி கிடைக்கவில்லை, கிடைக்கவும் முடியாது; வாசலில் வரிசை. தெரிந்து எழுதுகிற பரீட்சை அந்த ஆய்வுகூடம் தன்னால் எவ்வளவு முடியும் என்பதைக் காட்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அது என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. பரீட்சை நடத்துபவர்களுக்கும் இது தெரியும். நோயாளியின் மாதிரியைப் போலவே நடத்துங்கள் என்று விதியில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

பதினொன்றரைக்கு ஒரு இளைஞர் வந்தார். துண்டை நீட்டினார். டொக்டர் எழுதியிருந்தது "காய்ச்சல், 4 நாள்". கீழே மலேரியாவுக்கும் ஒரு புள்ளடி. அவ்வளவுதான். பரீட்சைத் தாளில் இருந்த பேரில்லாத ஆளுக்கு வயதிருந்தது, போன தேசமிருந்தது, நடுக்கமிருந்தது. உயிரோடு முன்னால் நிற்கிற ஆளுக்கு ஒரு சொல்லும் ஒரு இலக்கமும்.

மிஸ் விரலைக் குத்தி, ஸ்லைட்டில் தடித்த படலமும் மெல்லிய படலமும் இழுத்துக் காயவைத்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி வெளிநாடு எங்கயும் போன நீங்களா?"

"ஓம் மிஸ். கட்டார்ல வேல. வந்து மூணு கிழமை."

"கட்டார்ல மட்டும்தானா?"

இளைஞர் யோசிக்கவில்லை, கூட வந்திருந்த தாய்தான் யோசித்தார். கதவருகே நின்றபடி, "அவடத்தருந்து கொம்பனியால ஆபிரிக்காவுக்கும் அனுப்பினதெல்லா மகன், ஒரு மாசம்? அதையும் சொல்லன்," என்றார்.

"டொக்டர் அத கேக்கல்லயே உம்மா."

எந்தத் தேசம் என்று கேட்டு மிஸ் துண்டின் மூலையில் எழுதிக்கொண்டார். உடனடிச் சோதனை அட்டையில் ஒரு கோடு மட்டும் வந்தது. அதில் மலேரியா இல்லை என்று அர்த்தம். அதோடு விடவில்லை. சாயமேறி முடிந்ததும் தடித்த படலத்தை வில்லைக்குக் கீழே வைத்தார். நூறு புலம் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம் என்பது விதி. ஒரு புலம் என்பது வில்லைக்குள் ஒரு தடவை தெரிகிற வட்டம். கைதேர்ந்தவர் நூறு புலத்தில் தேடினாலும், ஒட்டுண்ணி மிகவும் குறைவாக இருந்தால் தவறிப்போகும். இடது கையில் எண்ணும் கருவி இருந்தது. புலம் மாறும்போதெல்லாம் கட்டைவிரல் அழுத்தியது, டிக் என்றது. வரிசையில் யாரோ நேரமாகுது என்றார்கள். டிக் நிற்கவில்லை. நூறில் நிறுத்தாமல் இருநூறு வரை போனார்.

"மலேரியா ஒட்டுண்ணி காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். காணவில்லை என்றுதான் எழுதினார், இல்லை என்று எழுதவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "நாளைக்கும் வாங்க. நாளையண்டைக்கும். மூண்டு நாளும் பாக்கணும். டொக்டர்ட்ட ஆபிரிக்கா போன எண்டும் சொல்லுங்க," என்றார். அவர்கள் போனதும் மாவட்ட மலேரியாப் பிரிவுக்குத் தொலைபேசியில் விபரம் சொன்னார். இதற்கு எந்தத் திட்டத்திலும் புள்ளி கிடையாது.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. கடந்த ஒரு வருடத்துக்குள் ஆபிரிக்கா, இந்தியா, மலேரியா இருக்கிற வேறெந்த நாடு போய் வந்திருந்தாலும், காய்ச்சல் வந்தால் டொக்டர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். போன இடத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். துண்டில் எழுதச் சொல்லுங்கள், ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் மறுநாள் போங்கள். அரசாங்க மலேரியாப் பிரிவுகளில் இந்தச் சோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை.